யூதரது வாழ்த்து நூல்

உண்பதற்கு முன் இறைவனை நினைந்து ஒரு சொற் சொல்லுதல் பல சமயத்தார்க்கும் பொதுவாகிய நல்லொழுக்கமாம். ஆயின், எவ்வுணவிற்கு எச்சொல் உரியது, எவ்வளவு உண்டார்க்கு எக்கடன் உண்டு, சொல் பிறழ்ந்தவிடத்துக் கடன் கழிந்ததோ கழியாததோ என்றின்னவற்றையெல்லாம் தனித்தனி வகுத்துத் தடைவிடைகளால் ஆராய்ந்து ஒரு நூலாக்கி வைத்தவர் யூதராவர். பெராக்கோத் என்பது அந்நூலின் பெயர். கி. பி. 200-ஆம் ஆண்டையடுத்து ரபி யூதா என்னுந் தலைவரால் தொகுக்கப்பெற்ற மிஷ்ணா என்னும் பெருந்தொகையில் உள்ள 63 நூல்களுள் இதுவே முதற்கண் நிற்பது. 9 அதிகாரங்களை உடையது. பின்னர்ப் பாபிலோனிய நாட்டு ஆசிரியர் பல தலைமுறையாக இதன்மேல் நிகழ்த்திய வாதங்கள் தால்மூத் என்னும் பேருரையாக விரிந்தன.

இந்நூலைப் பயில்வார்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்றுண்டு. வாழ்த்து என்பது அன்பின் பெருக்கன்றோ? அன்பை ஆணையால் வருவித்தல் கூடுமோ? காய்க்கொரு சொல், கனிக்கொரு சொல் என அளந்து வைத்தபின் ஆங்கு உள்ளம் நிற்குமோ, உதடு மட்டும் நிற்குமோ? இவ்வையத்தை உட்கொண்டே இந்நூலின் குணமுங் குற்றமும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் பெயரின் பொருள் தெளிதல் வேண்டும். பெராக்கா என்னும் எபிரேயச் சொல்லை ஆசி என்றும் ஆசீர்வாதம் என்றும் மொழிபெயர்ப்பார் உளர். ஆசி என்பது உயர்ந்தோர் தாழ்ந்தோர்க்குக் கூறுவதாகவே வழங்குதலின், அம்மொழிபெயர்ப்பு மனிதன் உணவிற்கு ஆசி கூறுகின்றான் என்னும் பிழையுணர்ச்சியைத் தரும். வாழ்த்து என்னும் தமிழ்ச்சொல்லோ பெரியோர் சிறியோரை வாழ்த்துதற்கும் மக்கள் கடவுளை வாழ்த்துதற்கும் ஒருங்கே உரியது. கடவுள் வாழ்த்து என்னும் ஆட்சி தொல்காப்பியத்துள்ளேயே காணப்படும். எபிரேயச் சொல்லும் அத்தகையதே. யூதன் அப்பத்தைக் கையிலேந்தி வாழ்த்துங்கால், வாழ்த்தப்படுபொருள் அப்பமன்று, அப்பத்தைத் தந்தவனே. இவ்வேறுபாட்டை மறந்தார்க்கு நூல் முழுவதும் பொருள் பிறழ்ந்து தோன்றும்.

வாழ்த்தின் யாப்பும் நோக்கத்தக்கது. இறைவன் திருப்பெயர் வாராத வாழ்த்து வாழ்த்தாகாது என்றார் ரவ் என்னும் ஆசிரியர். அவனது அரசுரிமை கூறப்படாத வாழ்த்தும் வாழ்த்தாகாது என்றார் ரபி யோகனான். ஆகவே, எவ்வளவு சிறிய பொருளாயினும் அதன் வாழ்த்தில் உலகனைத்திற்கும் அரசன் அவன் என்பது அமைந்தே தீரும். அன்றியும், இவ்வாழ்த்துக்கள் முன்னிலையிலே தொடங்கிப் படர்க்கையிலே முடிவன. நீ என விளித்தவன், அடுத்த நொடியிலேயே அவன் எனப் பேசுகின்றான். இதனை வழுவென்னாது, அணுகியவன் அச்சத்தாற் பின்வாங்கி நிற்கும் நிலை என்று கொள்ளின் நூற்கருத்தோடு நன்கு பொருந்தும்.

இனி நூல் நிற்கும் இடத்தைக் காண்போம். மிஷ்ணாவின் ஆறு பெரும்பிரிவுகளுள் முதலாவது, விதைகள் எனப் பெயரியது. அதன்கண் உள்ள 11 நூல்களுள் ஏனைய பத்தும் உழவும் விளைவும் பற்றியன: ஏழைக்கு விடும் வயலோரம், ஏழாமாண்டு நிலத்தை வாளா விடுதல், பத்திலொரு பங்கு கொடுத்தல் என்பன போல்வன. இவற்றின் தலைப்பில் வாழ்த்து நூல் வைக்கப்பட்டது என்னை? மோசே பென் மைமோன் என்னும் பேராசிரியர் (இறப்பு 1204) தம் மிஷ்ணா உரையின் முகவுரையில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். உயிர்வாழ்விற்கு முதற்றேவை உணவு. ஆகலின் உணவைத் தரும் நிலத்தின் விதிகள் முன்வைக்கப்பட்டன. அவ்வுணவையும் வாழ்த்தாமல் உண்ணலாகாமையின் வாழ்த்து அவற்றினும் முன்வைக்கப்பட்டது என்பது அவர் கூறும் விடை. மருத்துவருமாகிய அவர் உணவிலிருந்து தொடங்கியது இயல்பே. நம் நோக்கில் இவ்வைப்புமுறை மற்றொன்றையும் உணர்த்தும். வாழ்த்து, வழிபாட்டு மனையிலிருந்து வாழ்க்கைக்குப் பிற்காலத்துக் கொண்டுவரப்பட்டதன்று; வயலுக்கும் வாய்க்கும் இடையிலேயே தொடக்கத்தில் வைக்கப்பட்டது என்பதாம்.

நூலின் உயிர்நிலை ஆறாம் அதிகாரம். மரத்தின் கனிகளுக்கு, மரக்கனியைப் படைத்தவன் என வாழ்த்துதல் வேண்டும். நிலத்தின் விளைவுகளுக்கு, நிலத்தின் கனியைப் படைத்தவன் என வாழ்த்துதல் வேண்டும். திராட்சை மதுவும் அப்பமும் மக்கள் முயற்சியாற் சிறந்தனவாகலின் தத்தமக்கே உரிய வாழ்த்துப் பெறும். நிலத்தில் முளையாத பால், மீன், நீர் முதலியவற்றிற்கு, எல்லாம் யாவன் சொல்லால் உண்டாயினவோ அவன் எனப் பொதுவகையான் வாழ்த்துதல் போதும். இனி, ஒருவன் மரக்கனிக்கு நிலக்கனியின் வாழ்த்தைக் கூறிவிடின் என்னாம்? கடன் கழிந்தது என்கிறது நூல். நிலக்கனிக்கு மரக்கனியின் வாழ்த்தைக் கூறின்? கழிந்திலது. யாதிற்கேனும் பொதுவாழ்த்தைக் கூறின்? கழிந்தது.

இவ்விதி முதற்பார்வைக்கு வெறும் நுணுக்கமாகத் தோன்றும். அளவைநூற் பயிற்சியுடையார் இதன் அமைதியை எளிதில் உணர்வர். மரமும் நிலத்தினின்றே எழுதலின், நிலம் என்பது வியாபகம், மரம் என்பது வியாப்பியம். வியாபகச் சொல் வியாப்பியப் பொருளைத் தழுவும். வியாப்பியச் சொல் வியாபகப் பொருள் முழுதையும் தழுவாது. ஆகவே ஈண்டுக் கேட்கப்படும் முதற்றகுதி, கூறிய சொல் மெய்யாயிருத்தல் என்பதே. பொய்யான சொல்லால் இறைவனை வாழ்த்தியவன் வாழ்த்தியவனாகான். பொதுச்சொல் மெய்யாயினும், சிறப்புச்சொல் உள்ளவிடத்து அதனையே முதலிற் கொள்ளவேண்டும் என்றது, கையிலுள்ள பொருளை இன்னதென்று அறிந்து வாழ்த்துக என்றற்கு. அறியாது உண்பவன் நன்றியும் அறியான் என்பது குறிப்பு.

இவ்வறிவு எத்துணை நுட்பமாகத் தேடப்பட்டது என்பதற்கு மூன்று எடுத்துக்காட்டுக்கள் கூறுவாம். மரம் என்பது யாது? கனி கொய்தபின் நின்று மீண்டும் தளிர்ப்பது மரம் என்பது தால்மூதின் துணிபு. குலையீன்றதும் மடியும் வாழை இவ்விலக்கணத்தின் உள்ளடங்காது. ஆகவே யோசேப்பு காரோ இயற்றி 1565-இல் வெனிஸ் நகரில் முதலில் அச்சேறிய சுல்கான் ஆருக் என்னும் விதிநூல், வாழைப்பழத்திற்கு நிலக்கனியின் வாழ்த்தையே விதித்தது. இந்தியரிடமிருந்து வரும் பாகு செய்த இஞ்சியைப் பற்றியும் தால்மூது பேசுகின்றது. அதற்கும் நிலக்கனியின் வாழ்த்தே. கரும்பு பற்றி எழுந்த வழக்கோ இன்னும் சுவையுடையது. மைமோனுக்கு முன்னிருந்த பேராசிரியருட் பலர் கருப்பஞ்சாற்றின் கட்டிக்கு நிலக்கனி வாழ்த்தையும், சிலர் மரக்கனி வாழ்த்தையும் விதித்தனர். மைமோன் இருதிறத்தாரையும் மறுத்தார். கரும்பு கனியன்று, நெருப்பால் மாறாத பேரீச்சம்பழத் தேனுக்கே பொதுவாழ்த்துத்தான் உரியதாயின், நெருப்பால் மாறிய கரும்பின் கட்டிக்கு அதனின் மிக்க வாழ்த்து எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் தடை. முன்னோர் கூற்றாயினும் காரணங்கொண்டே தழுவவும் தள்ளவும் படும் என்னும் நூன்மரபு இதனால் விளங்கும்.

இவ்விதிகளுக்கெல்லாம் பிரமாணம் யாது? இவ்வினாவைத் தால்மூது ஆராயும் முறை மிக வியக்கத்தக்கது. உண்டு நிறைந்தபின் இறைவனை வாழ்த்துக என்பது உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் வெளிப்படையாக உள்ளது. உண்பதற்கு முன் வாழ்த்துக என்பதற்கோ அங்ஙனம் வெளிப்படையான வாக்கியம் இல்லை. ஆசிரியர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏதுக்களைக் காட்டுகின்றனர். நான்காமாண்டுக் கனியைத் துதிக்குரியதாக்கிய வாக்கியத்தைக் காட்டினார் சிலர். அது எல்லா உணவையும் தழுவாது என மறுக்கப்பட்டது. நிறைந்தவனே வாழ்த்துவானாயின் பசித்தவன் வாழ்த்தவேண்டுமென்பது சொல்லவேண்டுமோ என்றார் பிறர். அதுவும் எல்லாவற்றிற்கும் செல்லாமை காட்டப்பட்டது. இறுதியில், இது பகுத்தறிவின் துணிபே. வாழ்த்தாமல் இவ்வுலகத்தை நுகர்தல் மனிதற்கு ஆகாது என முடித்தனர். நூற்பிரமாணத்தையே உயிராகக் கொண்ட ஒரு கூட்டத்தார், நூல் தமக்குத் துணைசெய்யாதவிடத்து, துணைசெய்ததாகக் காட்டி முடியாமல் கருதலளவையின்மேல் இவ்விதியை நிறுத்தினர். இந்நேர்மையே இந்நூலின் தலையாய குணம் என்பது எம் துணிபு.

அத்துணிபின் கருத்தினைத் தொடர்ந்து வரும் உரைகள் விளக்கும். வாழ்த்தாமல் உண்பவன் கோயிற்கென ஒதுக்கிய பொருளைத் தன் பயனுக்கு ஆண்ட குற்றத்தை அடைவான் என்பது ஒன்று. ரபி லேவி என்பார் சங்கீதத்துள் முரணிய இரு கூற்றுக்களை எதிரெதிர் நிறுத்தினார். நிலமும் அதன் நிறைவும் இறைவனுடையன என்கிறது ஒன்று. வானம் இறைவனுடையது, நிலத்தையோ மக்கட்கு அளித்தான் என்கிறது மற்றொன்று. முன்னது வாழ்த்துமுன் உள்ள நிலை, பின்னது வாழ்த்தியபின் உள்ள நிலை என்பது அவர் காட்டிய அமைதி.

இங்கே பொதுவழக்கிற்கு மாறான ஒரு பொருள் புலப்படும். வாழ்த்தினால் உணவு புனிதமடைகின்றது என்றே பலர் நினைப்பர். இந்நூலின்படி, உணவு முன்னரே புனிதமானது. உலகம் முழுவதுமே இறைவன் உடைமையாகிய கோயிற்பொருள். வாழ்த்து அதனை மனிதன் கைக்கு விடுவிக்கின்றது. எனவே இவ்வாழ்த்து உண்டபின் செலுத்தும் நன்றியுரை மட்டுமன்று. உடையானிடம் உண்பதற்கு முன் பெறும் ஒப்புதலுமாம். நன்றி உணர்ச்சியைச் சார்ந்தது, இருக்கலாம், இல்லாதொழியலாம். உடைமையோ உண்மையைச் சார்ந்தது. உள்ளம் கனிந்த நாளினும் வறண்ட நாளினும் பிறன்பொருள் பிறன்பொருளே. ஆகவே, அன்பை ஆணையிடல் கூடுமோ என்னும் ஐயத்திற்கு இந்நூல் தரும் விடை இது: ஈண்டு ஆணையிடப்பட்டது அன்பன்று, இது என்னுடையதன்று என்னும் மெய்யை வாயால் ஒப்புக்கொள்ளலே. அன்பு அவ்வொப்புதலின்மேல் வளரவேண்டும் என்பது ஆசிரியர் கருத்து.

அற்றேல், வாழ்த்துக்களைப் பெருக்கி நாள்முழுதும் உதட்டசைவாகச் செய்துவிடலாமே எனின், அதனை நூலே தடுக்கின்றது. நாள்தோறும் 100 வாழ்த்துக் கூறக் கடவன் என்பது ரபி மெயீர் மொழி; ஒன்பதாம் நூற்றாண்டில் சூரா என்னும் கல்விக்கழகத் தலைவர் நத்ரோனாய், ஸ்பெயின் நாட்டு லூசேனா நகரத்தார்க்கு இந்நூற்றின் அடைவை எழுதி விடுத்தார். ஆயினும், வேண்டாதவிடத்து வாழ்த்துக் கூறியவன் இறைவன் திருப்பெயரை வீணில் எடுத்த குற்றத்தை அடைவான் என்பதும் அதே நூலின் விதி. கூறினேனோ இல்லையோ என்னும் ஐயம் இத்தகைய வாழ்த்துக்களில் எழின் மீண்டும் கூறாது விடுதலே பெருவழக்கு. எண்ணை வேண்டியவர்களே எண்ணுக்காக எண்ணுதலை விலக்கினர். முறைக்கடனாகச் செய்யும் வேண்டுதல் வேண்டுதலாகாது என்னும் ரபி எலியேசரின் எச்சரிக்கையும் நான்காம் அதிகாரத்தில் உள்ளது.

சொல்லின் வடிவம் பெரிதோ, சொல்வோன் கருத்துப் பெரிதோ என்னும் வழக்கும் உரையில் எழுந்தது. அறிஞர் வகுத்த வடிவத்தை மாற்றியவன் கடன் கழித்திலன் என்றார் ரபி யோசே; கழித்தான் என்றார் ரபி மெயீர். அவ்விடத்தில் பெஞ்சமின் என்னும் ஆயன் ஒருவன் வருகின்றான். அவன் அப்பத்தை உண்டபின், தன் வீட்டுமொழியாகிய அரமேயத்தில், இவ்வப்பத்திற்கு உடையவனாகிய அருளாளனை வாழ்த்துவதாக ஒரு சிறுதொடர் சொன்னான். முதல் வாழ்த்தின் கடனை அவன் கழித்தான் எனத் தீர்ப்பளித்தார் ரவ். திருப்பெயரின்றி வாழ்த்தில்லை என்ற கண்டிப்புடையவரும் அவரே. ஆயன் சொல்லில் அருளாளன் என்னும் பெயரும், உடையவன் என்னும் உண்மையும் இருந்தன. அவ்வளவே வேண்டுவது.

வாழ்த்திற்கும் உண்டிக்கும் இடையே வேறு பேச்சு நிகழலாகாது; நிகழின் மீண்டும் வாழ்த்தவேண்டும். ஆயின், உப்புக் கொணர்க என்றாற்போல உண்டியைச் சார்ந்த சொல் இடையீடாகாது. எருதுகளுக்குத் தீனி பிசைக என்பதும் இடையீடாகாது என்றார் ரவ் ஷேஷெத். தன் கால்நடைக்கு உணவிடுமுன் தான் உண்ணலாகாது என்பது அவர் காட்டிய காரணம். வாயில்லா உயிரின் பசியை நினைந்து கூறிய சொல், வாழ்த்தைக் கெடுக்கவில்லை. வாழ்த்தின் பகுதியே ஆயிற்று. அன்பு இந்நூலில் எங்குளது என்பார்க்கு இவ்வோரிடமே போதும்.

இனிக் குற்றமாவன கூறுவாம். சொல்லையும் செயலையும் இணைப்பதே இந்நூலின் பெருமை என்றோம். அவ்விணைப்புப் பின்னாளிற் பிரிந்தது. தால்மூதின்படி, விடியலில் சேவலொலி கேட்டவன் ஒரு வாழ்த்தும், கண் திறந்தவன் ஒன்றும், ஆடை உடுத்தவன் ஒன்றும், நிலத்தில் அடிவைத்தவன் ஒன்றும், செருப்பு மாட்டியவன் ஒன்றுமாக அவ்வச்செயலோடு கூறுவர். பிற்காலத்தில் இவையனைத்தும் தொழுகைமனையில் ஒருங்கே அடுக்கிக் கூறப்படலாயின. தம் காலத்துப் பெரும்பான்மை நகரங்களில் நிலவிய இவ்வழக்கைத் தவறென மைமோன் வெளிப்படையாகக் கடிந்தார். சேவலொலி கேளாதவன் அதற்குரிய வாழ்த்தைக் கூறுதல் அவர்க்கு உடன்பாடன்று. சுல்கான் ஆருக்கோ அவ்வழக்கை ஏற்றுக்கொண்டு இரண்டு காரணங் கூறிற்று: எழுந்தவுடன் கைகள் தூயனவாகா, கல்லாதார் இவ்வாழ்த்துக்களை அறியார், பிறர் கூறக்கேட்டு ஆமென் என்றாவது சொல்வர். பின்னது இரக்கமுடைய காரணமே. ஆயினும் நூலின் உள்ளக்கிடை மைமோன் பக்கத்தது என்றே கொள்ளவேண்டும். கையிலுள்ள கனிக்குப் பொருந்தாத சொல் வாழ்த்தாகாது என்ற நூல், கேளாத ஒலிக்குக் கூறிய சொல்லை வாழ்த்தென்று கொள்ளுமாறு எங்ஙனம்?

மற்றொரு குற்றம் இதனினும் பெரிது. தன்னைப் பெண்ணாகப் படையாமைக்கு ஆண்மகன் நாள்தோறும் வாழ்த்துக் கூறும் வழக்கமொன்று தால்மூதின் வேறொரு நூலிலிருந்து வழிபாட்டினுள் நுழைந்தது. ஆண்களுக்கு மிகுதியான கட்டளைகள் உள்ளமையின் அதற்கு மகிழ்வதே அதன் கருத்து என அமைதி கூறுவார் உளர். அவ்வமைதி நிரம்பியதன்று. உலகனைத்தும் ஒருவன் உடைமை எனத் தெளிந்த வாழ்த்து, பிறர் நிலையைத் தாழ்வென எண்ணி மகிழ்தற்கு இடந்தருமாயின் தன் அடிப்படையையே மறந்ததாகும். யூதருள்ளும் இதனை உணர்ந்தார் உளர். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவினர் 1946-இல் வெளியிட்ட வழிபாட்டு நூலில், தன்னைத் தன் சாயலிற் படைத்தவன் என வாழ்த்துமாறு அது திருத்தப்பட்டது. பழைய வடிவை விடாதாரும் இன்றளவும் உளர்.

குற்றங்கள் இவையாயினும், நூலின் முடிபு அவற்றைக் கடந்து நிற்கின்றது. இறுதியாகிய ஒன்பதாம் அதிகாரம் உணவை விட்டு உலகத்தை நோக்குகின்றது. இடி, மின்னல், மலை, கடல், மழை, புதுமனை, நற்செய்தி என ஒவ்வொன்றிற்கும் வாழ்த்துண்டு. நடந்து முடிந்ததை மாற்றுமாறு வேண்டுதல் வீண் என்கிறது அது. ஊருக்குள் எழும் அழுகுரலை வழியிற் கேட்டவன், அது தன் வீட்டினின்று எழுந்ததாகாதிருக்க என வேண்டுதல் வீண் வேண்டுதலாம். தீச்செய்தி கேட்டவன் யாது செய்வது? மெய்யான நீதிபதி என அவனை வாழ்த்துக என்பதே விதி. நன்மைக்கு வாழ்த்துமாறு போலவே தீமைக்கும் வாழ்த்தக் கடவன். உறவினர் இறந்த செய்தி கேட்டோர் கூறுவதும் இதுவே.

இது கல்நெஞ்சர்க்கே இயலும் எனின், அற்றன்று. துன்பத்தை இன்பமென்று கூறுக என நூல் பணிக்கவில்லை. இரண்டிற்கும் வாழ்த்துண்டு, வாழ்த்தின் சொல் மட்டும் வேறு. நன்மைக்கு, நல்லவன், நன்மை செய்பவன் எனவும், தீமைக்கு, மெய்யான நீதிபதி எனவும் கூறவேண்டும். இம்மையில் இரண்டாக உள்ள இவ்வாழ்த்து மறுமையில் ஒன்றேயாகும் என்பது தால்மூதின் வேறொரு நூலில் வரும் உரை. பிள்ளையை இழந்தவன் வாயில் பொய்ச்சொல் வைக்கப்படவில்லை. கனிக்குக் கனியின் சொல்லையும் கிழங்கிற்குக் கிழங்கின் சொல்லையும் தேடிய அதே நேர்மை, ஈண்டு இழவிற்கு இழவின் சொல்லைத் தேடிற்று. சிறு பொருள்களில் நாள்தோறும் மெய்கூறிப் பழகிய நாவிற்கே இப்பெருந்துயரில் மெய்கூறும் வலி உண்டாகும்.

இதுகாறும் கூறியவாற்றான், பெராக்கோத் நூல் அன்பை அளந்து கொடுக்க எழுந்ததன்று என்பதும், உடையவன் யாவன் என்னும் உண்மையை வாழ்வின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாயால் ஒப்புக்கொள்ளச் செய்வது என்பதும், சொல் பொருளினின்று பிரிந்தவிடத்தே அது தன் நெறியினின்று வழுவியது என்பதும் பெறப்பட்டன. ஒலிவக்காய் அளவினும் குறைந்த உணவிற்குப் பின்வாழ்த்து விதிக்கப்படவில்லை. முன்வாழ்த்திற்கோ அளவே இல்லை. எத்துணைச் சிறு துணுக்காயினும் வாழ்த்தாமல் உண்ணலாகாது. நிறைவிற்குக் கூறும் நன்றிக்கு அளவுண்டு. உடைமையை ஒப்புதற்கு அளவில்லை. இவ்வேறுபாட்டை ஓர்ந்து பயில்வார்க்கு இந்நூலின் நுணுக்கங்கள் சுமையாகா என்க.